ரேர்லிக்கு ஐந்து வாக்கியம்

நாமக்கல்
20.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை தமிழினி எழுதுகிறேன். விடுதியில் சேர்ந்து மூன்று வாரம் ஆகியும் உயிரோடுதான் இருக்கிறேன். நீ, மாமா, உன் மாமியார் எல்லோரும் சுகம்தானே? மாமா போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கேதான் இருக்கிறாரா?

இங்கே போன் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் போனில் ஐந்து நிமிடம் பேசலாம். அதுவும் சேரும்போது எழுதிக் கொடுத்த அப்பா நம்பருக்கு மட்டும்தான். உன்னிடம் பேச வேண்டுமானால் கடிதம்தான் வழி. பிளஸ் ஒன் படிக்க வந்த இடத்தில் தபால்தலை ஒட்டக் கற்றுக்கொண்டேன்.

எங்கள் இங்கிலீஷ் மஞ்சுளா மிஸ் ஒரு வேலை கொடுத்திருக்கிறார். வகுப்பில் படித்ததை வீட்டில் யாருக்காவது கடிதத்தில் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். அப்போதுதான் மண்டையில் நிற்குமாம். நான் உன்னைப் பிடித்துக்கொண்டேன். பி.காம். இரண்டாம் வருஷத்தோடு நிறுத்தி உன்னைக் கட்டிக்கொடுத்தார்களே, மிச்சத்தை நான் முடித்து வைக்கிறேன்.

இந்த வாரம், ஒரு காரியம் எத்தனை தடவைக்கு ஒரு தடவை நடக்கிறது என்று சொல்லும் வார்த்தைகள். எப்போதுமே என்றால் ஆல்வேஸ். அடிக்கடி என்றால் ஆஃபன். சில சமயம் என்றால் சம்டைம்ஸ். எப்போதாவது, அபூர்வமாக என்றால் ரேர்லி. ஒருநாளும் இல்லை என்றால் நெவர். எங்கள் மெஸ் சாம்பார் ஆல்வேஸ் தண்ணீர், அதில் பருப்பு ரேர்லி. அவ்வளவுதான் பாடம்.

உனக்கு ரேர்லியைக் கொடுக்கிறேன். அதை வைத்து ஐந்து வாக்கியம் எழுதி அனுப்பு. எல்லாம் உன் வீட்டில் நிஜமாக நடப்பதாக இருக்க வேண்டும், புத்தகத்தைப் பார்த்து எழுதக் கூடாது என்று மிஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வகுப்பில் படித்துக் காட்டினால் எனக்கு ஒரு சாக்லேட். தங்கச்சிக்காக இது கூடச் செய்ய மாட்டாயா?

இப்படிக்கு,
உன் டீச்சரம்மா தமிழினி

ஜேடர்பாளையம்
2.7.2024

அன்பு அம்மிணிக்கு,

அக்கா மதுமதி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா?

உன் கவரைப் பார்த்ததும் அத்தை, "ஏனம்மிணி, பேங்க்காரன் நோட்டீசா?" என்றார். "இல்லீங்க அத்தை, என்ற தங்கச்சி எனக்குப் பாடம் எடுக்கறா" என்றேன். "அடுப்புல பால் பொங்குது, அதைப் போய் மொதல்ல பாரு" என்றார். அவருக்கு எழுத்துக் கூட்டக்கூடத் தெரியாது. அவர் முன்னாலேயே உட்கார்ந்து உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன்.

இங்கிலீஷ் எழுதி ஐந்து வருஷம் ஆகிறது. மளிகைச் சீட்டு கூடத் தமிழில்தான். கை கூசுகிறது. இருந்தாலும் இரண்டு நாள் யோசித்து எழுதினேன். பக்கத்தில் தமிழிலும் உச்சரிப்பு எழுதியிருக்கிறேன், நீ சிரித்தால் சிரித்துக்கொள்.

ஒன்று, இட் ரேர்லி ரெயின்ஸ் இன் அவர் வில்லேஜ். ஆற்றில்தான் தண்ணீர், வானத்தில் இல்லை.

இரண்டு, மை மதர் இன் லா ரேர்லி லாஃப்ஸ். வகுப்பில் படி, இங்கே வந்து உளறிவிடாதே.

மூன்று, வீ ரேர்லி ஈட் ஃபிஷ். அணைக்கட்டு மீனுக்கு எங்கெங்கிருந்தோ வருகிறார்கள், இந்த வீட்டில் ஆகாது.

நான்கு, ஐ ரேர்லி கோ டு மை மதர்ஸ் ஹவுஸ். மல்லசமுத்திரம் என்ன மலைக்கு அந்தப் பக்கமா? ஆனாலும் அப்படித்தான்.

ஐந்து, மை ஹஸ்பண்ட் ரேர்லி பீட்ஸ் மீ.

எல்லாம் நீ சொன்னபடி நிஜமாக நடப்பதுதான். தப்பு இருந்தால் திருத்தி அனுப்பு. மத்தியப் பிரதேசத்தில் மழை பிடித்துவிட்டதாம். ரிக்கை நிறுத்திவிட்டு மாமா ஆடிக்கு வந்துவிடுவார். சாக்லேட்டில் பாதி எனக்கு.

அன்புடன்,
அக்கா

நாமக்கல்
9.7.2024

அக்கா,

சுகமா என்று கேட்கத்தான் வேண்டும். ஆனால் கேட்கவே பயமாக இருக்கிறது.

உன் கவரை வகுப்பில்தான் பிரித்தேன். முன்னாடியே படித்துப் பார்க்கவில்லை. என் அக்கா என்ன எழுதிவிடப் போகிறாள் என்ற திமிர். முதல் வாக்கியத்துக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மாமியார் வாக்கியத்துக்கு வகுப்பே சிரித்தது. மீனுக்கும் சிரித்தார்கள். அந்த ஜோரில் ஐந்தாவதையும் சத்தமாகப் படித்துவிட்டேன். வாயிலிருந்து வெளியே போன பிறகுதான் என் காதில் விழுந்தது.

கடைசி பெஞ்சில் இரண்டு பேர் சிரித்தார்கள். மிஸ் பழக்கத்தில், "வெரி குட், கரெக்ட்" என்றார். அப்புறம் அவர் முகம் மாறிவிட்டது. என் கையிலிருந்து தாளை வாங்கிப் பார்த்தார். எல்லோரையும் பாடப் புத்தகத்தை எடுக்கச் சொன்னார். நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்காரச் சொல்ல அவருக்கும் தோன்றவில்லை, உட்கார எனக்கும் தோன்றவில்லை.

அக்கா, பிரபாகர் மாமா உன்னை அடிக்கிறாரா? இல்லை, வாக்கியத்துக்காகச் சும்மா எழுதினாயா? சும்மாதான் என்று ஒரே ஒரு வரி எழுது. உடனே எழுது.

தமிழினி

ஜேடர்பாளையம்
24.7.2024

அன்பு அம்மிணிக்கு,

நான் சுகம். நீ வீணாகப் பயப்படாதே. உன்னை வகுப்பில் நிற்க வைத்துவிட்டேனே என்றுதான் எனக்கு வருத்தம். அதைப் படிக்காமல் விட்டிருக்கலாம். எனக்கும் எழுதும்போது ஒன்றும் உறைக்கவில்லை.

நீ இந்தக் குதி குதிக்கும்படி நான் என்ன எழுதிவிட்டேன்? ரேர்லி என்றுதானே எழுதினேன். ஆஃபன் என்று எழுதவில்லையே. பக்கத்து வீட்டுப் பெருமாயியைக் கேட்டால் அவள் ஆஃபன் என்பாள், அவள் புருஷன் தினமும் டாஸ்மாக்கில் இருந்து நேராக வருகிறவன். உன் மாமா அப்படி இல்லை. வருஷத்தில் முக்கால்வாசி நாள் அவர் வடக்கேதான். போர் போடும் இடத்தில் வெயிலிலும் புழுதியிலும் நிற்கிறார். குழிக்குள் பாறையைத் துளைக்கும் பிட் மாட்டிக்கொண்டால் எத்தனை லட்சம் நஷ்டம் தெரியுமா? அந்தக் கடுப்பில் வீட்டுக்கு வரும்போது எப்போதாவது கை நீட்டிவிடுவார். மற்ற நாளெல்லாம் நான் இந்த வீட்டு மகாராணி. டிவி ரிமோட்டே என் கையில்தான்.

அம்மாவிடம் சொல்லிவைக்காதே. உன் மிஸ்ஸிடம் அது சும்மா என்று சொல்லிவிடு.

ஆடிப்பெருக்குக்கு மாமா வந்துவிடுவார். வீடு கழுவுகிற வேலை, முறுக்குப் போடுகிற வேலை எல்லாம் தலைக்கு மேலே கிடக்கிறது. அதனால் இவ்வளவுதான்.

அக்கா

நாமக்கல்
30.7.2024

அக்காவுக்கு,

சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்கிறேன்.

சும்மா என்று நீ எழுதவில்லை. நானும் மிஸ்ஸிடம் சும்மா என்று சொல்லவில்லை. ஆனால் உன் கணக்கில் எனக்கு ஒரு சந்தேகம். நான்தானே உனக்கு டீச்சர்.

நம் தோட்டத்தில் அப்பா இதுவரை மூன்று போர் போட்டார். நான் ஒன்றாவது படிக்கும்போது ஒன்று, ஐந்தாவதில் ஒன்று, பத்தாவதில் ஒன்று. மூன்றிலும் தண்ணீர் இல்லை, வெறும் புகைதான் வந்தது. பத்து வருஷத்தில் மூன்றே மூன்று தடவைதானே, அதனால் எப்போதாவதுதான் புகைந்தது என்று அப்பா சொன்னாரா? எப்போது போட்டாலும் புகைதான் என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தார். வருஷத்தை வைத்து எண்ணக் கூடாது அக்கா. போட்ட போரை வைத்துத்தான் எண்ண வேண்டும். மிஸ்ஸிடம் இந்தப் போர்வெல் கதையை மட்டும் சொல்லிக் கேட்டேன். நான் சொன்னதுதான் சரி என்றார்.

மாமா வருவதே ஆடிக்கு, தீபாவளிக்கு, பொங்கலுக்கு. போன ஆடிக்கு அடித்தாரா? போன தீபாவளிக்கு? பொங்கலுக்கு? ஒவ்வொன்றுக்கும் ஆமாம், இல்லை என்று பதில் எழுது. எழுதும் முன்னால் உனக்கே நீ ஒருமுறை சொல்லிப் பார்.

உன் ஐந்து வாக்கியத் தாளை மிஸ் திருப்பிக் கொடுத்துவிட்டார். எதையும் திருத்தவில்லை. அடியில் சிவப்பு மையில் ஒரு போன் நம்பர் மட்டும் எழுதியிருக்கிறார். சேலத்தில் வக்கீலாக இருக்கும் அவருடைய தோழியாம். தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். கிழித்துப் போட்டுவிடாதே.

உன் தமிழு

நாமக்கல்
1.9.2024

அக்காவுக்கு,

ஆடி முடிந்து ஆவணியும் பாதி போய்விட்டது. நீ ஒரு வரி எழுதவில்லை. போன ஞாயிறு அம்மா போனில், "உங்கக்கா ஆத்துப் படியில வழுக்கி உழுந்துட்டா, கட்டுப் போட்டிருக்குது" என்றார். எந்தக் கை என்று கேட்டேன். வலது கை என்றார்.

நீ சின்ன வயசிலிருந்தே ஆற்றில் இறங்குகிறவள் இல்லை. படியில் உட்கார்ந்து காலை மட்டும் நனைத்துக்கொண்டு வருவாய். நீயா வழுக்கினாய்?

அதோடு அம்மா இன்னொரு சேதியும் சொன்னார். சந்தோஷமாகச் சொன்னார். மாமா ரிக்கில் தன் பங்கை விற்கிறாராம். பொங்கலுக்கு வந்தால் திரும்பிப் போக மாட்டாராம், ஊரிலேயே கோழிப்பண்ணை வைக்கிறாராம். "இனி மது தனியா கெடக்க வேண்டீதில்ல சாமி, மாப்பிள்ளை எந்நேரமும் ஊட்டோட இருப்பாரு" என்றார்.

அதே இடத்தில் எல்லாவற்றையும் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். நீ சொல்லாதே என்றாய், சொல்லிவிட்டேன், என்னைத் திட்டிக்கொள். அம்மா, "மத்தியானம் என்ன சோறு போட்டாங்க?" என்று கேட்டார். போனை வைத்துவிட்டார்.

இடது கையிலாவது ஒரு வரி கிறுக்கி அனுப்பு.

தமிழினி

மல்லசமுத்திரம்
10.9.2024

அன்புள்ள மகள் தமிழினிக்கு அம்மா சௌந்திரம் எழுதறது. நாங்க நல்லா இருக்கறோம். நீயும் நல்லா இருக்கோணும்னு சாமியக் கும்புட்டுக்கறேன்.

அன்னைக்குப் போன்ல நான் அதப்பத்தி ஒண்ணும் பேசாததுக்குக் காரணம் உங்கப்பா பக்கத்துல உக்காந்திருந்தாரு. அதுதான் எழுதறேன். ஊட்டு விசயத்த ஹாஸ்டல்ல நாலு பேர் காதுல போடலாமா? நாளைக்கு உனக்கு மாப்பிள்ளை பாக்க வேண்டாமா?

உங்கக்கா கட்டு அவுத்ததும் போய்ப் பாத்துட்டு வந்தேன். அவளே ஒண்ணும் சொல்லல. எப்பவாச்சுந்தான்னு அவளே உனக்கு எழுதியிருக்கறாளாமே. அந்தக் குடுப்பினை எனக்கு இருந்துதா? உங்கப்பா எந்த ரிக்குக்குப் போனாரு? இதே ஊட்டுல, இதே தோட்டத்துல இருபத்தெட்டு வருசம். நீ பள்ளிக்கோடம் போன பொறகுதான் கை நீட்டுவாரு. உன் முன்னால ஒரு நாளும் இல்ல. புள்ளை மனசு கெட்டுரும்னு அந்த மட்டுக்கும் பாத்துக்குவாரு. நானும் உன்னையும் அவளையும் வளத்து ஆளாக்கலையா? செத்தா போயிட்டேன்?

மாப்பிள்ளை ஊட்டோட இருந்தா எல்லாஞ் சரியாப் போகும். நீ படிக்கற வேலையப் பாரு சாமி. தலைக்குக் குளிச்சா ஈரத்தோட படுக்காத.

அம்மா

நாமக்கல்
22.9.2024

அம்மாவுக்கு,

உன் கடிதத்தைப் பாத்ரூமில் தாழ்ப்பாள் போட்டுப் படித்தேன். மூன்று நாள் வகுப்பில் என்ன நடத்தினார்கள் என்று எனக்குத் தெரியாது.

அந்த வார்த்தைகளைப் படித்த முதல் நாள், நெவர் என்ற வார்த்தைக்கு நான் எழுதிய வாக்கியம் என்ன தெரியுமா? என் அப்பா ஒருநாளும் கோபப்பட மாட்டார் என்று எழுதினேன். மிஸ் அதற்குச் சாக்லேட் கொடுத்தார். நானும் தின்றேன்.

நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் முதுகில் தைலம் தேய்க்கச் சொல்வாயே. என்னம்மா ஆச்சு என்றால், மாடு முட்டிவிட்டது என்பாய். நான் ஏழாவது படிக்கும்போதே நாம் மாட்டை விற்றுவிட்டோம் அம்மா. பத்தாவது வரைக்கும் நான் தேய்த்துவிட்டேன். இல்லாத மாடு எப்படி முட்டும் என்று எனக்கு ஒரு நாள் கூடத் தோன்றவில்லை. அவ்வளவு மண்டுவாக வளர்த்திருக்கிறாய் என்னை.

செத்தா போய்விட்டேன் என்று கேட்கிறாய். அக்காவும் அதையேதான் ஒருநாள் தன் மகளுக்கு எழுத வேண்டுமா? பொங்கலுக்கு அந்த மனுஷன் நிரந்தரமாக வருகிறார். எனக்கு இங்கிருந்து வெளியே போக அனுமதி இல்லை. உன்னால் முடியும். பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம்.

உனக்கு வேண்டுமானால் என்மேல் கோபப்படு. அப்பாவிடம் இந்தக் கடிதத்தைக் காட்டாதே.

தமிழினி

ஜேடர்பாளையம்
10.11.2024

அம்மிணி,

நீ நன்றாக இருக்க வேண்டும். எழுத்து கோணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள். மணிக்கட்டு இன்னும் முழுசாக மடங்கவில்லை.

உன் கேள்விக்குப் பதில் எழுத மூன்று மாதம் ஆகிவிட்டது. போன ஆடிக்கு, ஆமாம். போன தீபாவளிக்கு, ஆமாம். போன பொங்கலுக்கு, ஆமாம். இந்த ஆடிக்கும் ஆமாம், ஆற்றுப் படியில் நான் வழுக்கவில்லை. இந்தத் தீபாவளிக்கும் ஆமாம். எழுதி முடித்துவிட்டு நானே திரும்பப் படித்துப் பார்த்தேன். இப்படி வரிசையாக ஒருநாளும் நான் சொல்லிப் பார்த்ததில்லை. வருஷம் பெரியதாக இருந்தது, அதற்குள் இது சின்னதாகத் தெரிந்தது. அவ்வளவுதான் நான் செய்த கணக்கு.

உன் போர்வெல் கதையைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அவர் வந்து அடிக்காமல் திரும்பிப் போன தடவை என்று ஒன்றாவது இருக்குமா என்று தேடினேன். கல்யாணமான புதிதில்கூட இல்லை.

வீட்டில் ஒரே கொண்டாட்டம். அத்தை தேக்கில் கட்டில் செய்யச் சொல்லியிருக்கிறார். "இனிமே என்ற பையன் எங்கயும் போக மாட்டான்" என்று வருகிற போகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறார். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், நானும் சிரிக்கிறேன். பொங்கலுக்குப் பிறகு வரும் ஒவ்வொரு நாளும் எனக்கு அவர் வந்த நாள்தானே. எனக்குப் பயமாக இருக்கிறது தமிழு. இதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை, ரொம்பப் பயமாக இருக்கிறது.

அந்தச் சிவப்பு மைத் தாள் அரிசிப் பானைக்குள் இருக்கிறது. நம்பரை இரண்டு தடவை அழுத்திவிட்டு வைத்துவிட்டேன். நான் எங்கே போய் இருப்பது? நம் வீட்டுக்கு வந்தால் அப்பா அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிடுவார்.

அக்கா

ஆட்டையாம்பட்டி
12.1.2025

அன்புள்ள மகள் தமிழினிக்கு அம்மா எழுதறது. நானும் உங்கக்காவும் ஆட்டையாம்பட்டி மாமன் ஊட்டுல இருக்கறோம். என்ற அண்ணன் ஊடு எனக்கு ஆகாதுன்னு உங்கப்பா சொல்லுவாரே, அதே ஊடுதான். ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல. பதறாமப் படி.

உன்ற கடுதாசிக்கு நான் பதில் போடல. கோவம் இருந்துது. என்னைய மண்டுங்கறாளா, அவள மண்டுங்கறாளான்னு யோசிச்சே மார்கழி வந்துருச்சு.

வியாழக்கெழமை பொங்கச் சீரு கொண்டு போனேன். கரும்பு, பச்சரிசி, வெல்லம், மஞ்சக்கொத்து, உங்கக்காளுக்குச் சீலை, மாப்பிள்ளைக்கு வேட்டி. அவரு சனிக்கெழமை வர்றதாச் சொன்னாங்க. சம்பந்தியம்மா உள்ள காப்பி வெச்சுட்டு இருந்தாங்க. மதுவ உக்கார வெச்சு, மடியில கொண்டு போன மல்லியப்பூவ எடுத்து, தலைக்கு வெக்கறதுக்குக் கையத் தூக்குனேன். அவ படக்குனு தலையக் குனிஞ்சு மூஞ்சிய ரெண்டு கையில மூடிக்கிட்டா.

நாந்தான் சாமி கையத் தூக்குனேன். பெத்தவ. பூ வெக்கறதுக்கு.

அவ கையத் தொட்டு எறக்கி உட்டேன். "ஏம்மா, பயந்துட்டியா?" ங்கறா அவ என்னையப் பாத்து. நானும் அப்படித்தான் மூஞ்சிய மூடுவேன், அதே மாதிரி எடது கை மேல வலது கை. இருபத்தெட்டு வருசமா வெளிய இருந்து நான் அதப் பாத்ததே இல்ல. அன்னைக்குத்தான் பாத்தேன்.

கரும்பச் சுவத்துல சாத்தி வெச்சேன். "கெளம்பு சாமி" ன்னேன். சம்பந்தியம்மா காப்பியோட வந்து, "சீரு குடுக்க வந்துட்டு எங்கீங்க புள்ளையக் கூட்டிட்டுப் போறீங்க?" ன்னாங்க. "சீரு இங்க இருக்கட்டுங்க, புள்ளைய நான் எடுத்துக்கறேன்" னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டோம். மல்லசமுத்திரத்துல பஸ் நின்னுது. நான் எந்திரிக்கல. உங்கக்கா என்னையப் பாத்தா. "எனக்கும் சேத்து டிக்கெட் ஆட்டையாம்பட்டிக்குத்தான் வாங்கியிருக்கறேன்" னு சொன்னேன்.

உங்கப்பா மாமன் போனுக்குக் கூப்புட்டுட்டே இருக்கறாரு. எடுக்கறதுக்கு இன்னும் தைரியம் வல்ல.

ஞாயித்துக்கெழமை நீ அவரு நெம்பருக்குப் பேசாத. ஹாஸ்டல் ஆபீஸ்ல நெம்பர் மாத்தச் சொல்லி எழுதிக் குடு. மாமன் நெம்பரக் கவர் பின்னால எழுதியிருக்கறேன். மிச்சத்த உங்கக்கா எழுதறாளாம்.

அம்மா

அம்மிணி, அம்மா தூங்கிவிட்டார். நேற்று சேலத்துக்குப் போய் உன் மிஸ் சொன்ன வக்கீலம்மாவைப் பார்த்தோம். புகார் எழுதுவதற்கு, நடந்ததை உங்கள் கையாலேயே சுருக்கமாக எழுதிக் கொடுங்கள் என்றார். எனக்கு எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கிளம்பும்போது அரிசிப் பானையிலிருந்து எடுத்த அந்த ஐந்து வாக்கியத் தாள் பையில் இருந்தது. ஐந்தாவதில் ரேர்லியை அடித்துவிட்டு மேலே ஆல்வேஸ் என்று எழுதி அதையே நீட்டினேன். அர்த்தம் கேட்டுவிட்டு அம்மா, "எனக்கும் அப்படித்தானுங்க" என்றார். வக்கீலம்மா ஒரு புதுத் தாளை எடுத்து அம்மாவின் பக்கம் தள்ளினார். அம்மா இன்னும் அதை எழுதி முடிக்கவில்லை.